வாசிக்காமல் விட்ட வரி

மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கீழவாசலை அடுத்த ஒரு தெருவில், பாத்திரக் கடையொன்றின் மாடியில் நாங்கள் படம் பார்க்கிறோம். நாங்கள் என்றால் இருபது, இருபத்தைந்து பேர். பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், அந்நேரத்தில் வேறெங்கும் தேவைப்படாதவர்கள். கடையின் உரிமையாளர் பழைய நகரத்து முஸ்லிம் குடும்பத்தவர். எல்லோருக்கும் அவர் பாய். திருமண விருந்துகளுக்கு அவர் வாடகைக்கு விடும் தேக்சாக்கள் மாடியில் சுவரோரம் வரிசையாக நிற்கும். ஓர் ஆள் உள்ளே குந்தி அமரலாம். அவ்வளவு பெரிய சமையல் பாத்திரங்கள். அவற்றின் நடுவே நாற்காலிகளைப் போட்டு, எதிர்ச்சுவரில் வெள்ளை வேட்டியொன்றை இழுத்துக் கட்டி, அதில் படம் ஓட்டுவோம்.

என் வேலை வாசிப்பது. எங்கள் செயலாளர் தேடிப் பிடித்துக்கொண்டு வருபவை பெரும்பாலும் ஜப்பானியப் படங்கள். பெரிய நிறுவனங்களின் துணையின்றி, நண்பர்கள் சிலர் கூடிக் கைப்பொருளைப் போட்டு எடுத்தவை. திரையின் அடியில் ஆங்கில வரிகள் ஓடும். அவற்றை அந்த வேகத்தில் படிக்க எங்களுள் பாதிப் பேருக்கு இயலாது. ஆகவே செயலாளர் அவ்வரிகளை முன்கூட்டியே அச்செடுத்து என்னிடம் கொடுத்துவிடுவார். மூன்று வாரம் உட்கார்ந்து அவற்றைத் தமிழாக்கி ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வேன். படம் ஓடும்போது பின்வரிசையில் ஒரு சிறு விளக்கை நோட்டின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, மைக்கில் ஒவ்வொரு வரியாக வாசிப்பேன். ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லோருக்கும் என் குரல்தான்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். எழுதும் தமிழை வகுப்பறையில் ஒருநாளும் தளர்த்தியதில்லை. இந்த நோட்டிலும் தளர்த்தவில்லை. பாலத்தடியில் காலி டின் பொறுக்கிப் பிழைப்பவரும் என் நோட்டில் வழுவின்றித்தான் பேசுவார். இதைக் குறித்துக் கேலிக்குக் குறைவில்லை.

“அண்ணே, பசியில கெடக்குறவன் ‘ஐயா, சிறிது உணவு கிடைக்குமா’ன்னா கேப்பான்?” என்றார் ஒருநாள், மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர்.

“அவன் ஜப்பான்காரன் மாப்ள. மரியாதையாத்தான் பசிக்கும்,” என்றார் பக்கத்திலிருந்தவர்.

நான் சிரிக்கவில்லை, மாற்றவும் இல்லை. எனக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. யாரோ ஆங்கிலத்தில் இறக்கி வைத்ததை நான் தமிழில் இறக்கி வைக்கிறேன். இப்படிக் கைமாறி வந்த பொருளில் என்னால் இயன்ற நேர்மை ஒன்றுதான்: வந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் கொடுப்பது. ஒரு வரியையும் விடலாகாது என்பது நானே எனக்கு விதித்துக்கொண்டது.

தேக்சாக்களால் ஒரு தொல்லை இருந்தது. வாய் திறந்து நிற்கும் அத்தனை பாத்திரங்களும் என் குரலை வாங்கிக்கொண்டு திருப்பி முழங்கும். முதல் படத்தன்று ஒரு சொல்லும் எவருக்கும் விளங்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு அவற்றின் வாயைச் சாக்குப் போட்டு மூடுவது வழக்கமாயிற்று. அதைச் செய்பவர் கடையைப் பெருக்கித் துடைக்கும் பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும், பரவையிலிருந்து பேருந்தில் வருவார். படம் முடிந்ததும் சாக்குகளை எடுத்து மடித்து வைக்கவேண்டும் என்பதால், இடைப்பட்ட இரண்டு மணி நேரமும் மாடிப்படியருகே நின்றபடி படம் பார்ப்பார். நாற்காலி கொடுத்தால் உட்காரமாட்டார்.

“நின்னு பாத்தாத்தான்ய்யா பாத்த மாதிரி இருக்கு. உக்காந்தா தூக்கம் வந்துரும்.”

நாங்கள் பார்த்த படங்களில் வந்தவர்களை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். வாடகை அறையை இழந்து, கணினிக் கடையின் தடுப்புக்குள் முழங்காலை மடக்கி உறங்கும் இளம்பெண். கூலிச் சந்தையில் விடியலிலிருந்து நின்று, எவரும் கூப்பிடாமல் திரும்பும் ஆட்கள். தனி வீட்டில் எவரும் அறியாமல் இறந்துபோனவரின் அறையைக் கழுவ வந்து, கழுவுவதற்கு முன் அந்த வெற்றறையைக் குனிந்து வணங்கும் தொழிலாளர் இருவர். இவர்களுள் ஒருவரும் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதில்லை. சோறு பொங்குவதைக் காட்டினால் பொங்கி முடியும்வரை காட்டுகிறார்கள்.

“ஜப்பான்னா ரயிலும் காருமா இருக்கும்னு நெனச்சேன் வாத்தியாரய்யா,” என்றார் பாய் ஒருமுறை. “யா அல்லாஹ், நம்ம வைகைப் பாலத்துக்கு அடியில கெடக்குற ஆளுகதான் அங்கயும் கெடக்குறாக. சட்டை மட்டும் கொஞ்சம் நல்லாருக்கு.”

முதலில் இப்படங்கள் எனக்கு வியப்பளித்தன. நான்கு ஆண்டுகள் மாதமொன்றாக எழுதியபின் களைப்பே மிஞ்சியிருக்கிறது. அந்த மனிதர்கள் சுமந்து நடந்ததெல்லாம் என் விரல் வழியாக ஏறி முதுகில் தங்கிவிட்டது போலும். நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன். அதற்குள் அடுத்த கட்டுத் தாளோடு செயலாளர் வந்துவிடுகிறார்.

சென்ற தை மாதத்தில் ஒருநாள், படம் முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, சாக்கு மடிக்கும் அந்தப் பெண்மணி என்னிடம் ஒரு தாளை நீட்டினார். மகளுக்கு வைகாசியில் திருமணம். அழைப்பிதழுக்கு வாசகம் எழுதித் தரவேண்டும். தமிழாசிரியன் என்றால் இதுவும் தலையில் விழும் வேலை. இதுவரை நூற்றுக்குக் குறையாமல் எழுதியிருப்பேன். தாளில் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மணமகளின் தந்தை பெயருக்கு முன் மட்டும் சிறிது இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

“அந்த எடத்துல ஒண்ணு போடணுமா வேணாமான்னு நீங்கதான்ய்யா சொல்லணும்.”

மறைந்தவர் பெயருக்கு முன் ‘தெய்வத்திரு’ என்று போடுவது எங்கள் பக்கத்து அழைப்பிதழ்களில் வழக்கம். அவர் எப்போது இறந்தார் என்று கேட்டேன். அதுதான் தெரியவில்லை என்றார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், உரம் வாங்கி வருவதாகச் சொல்லிப் பரவை மார்க்கெட்டுக்குச் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. சைக்கிளை மார்க்கெட் வாசலில் பூட்டி, சாவியை வெற்றிலைக் கடையில் கொடுத்து, வீட்டிலிருந்து வந்து கேட்டால் கொடுத்துவிடும்படி சொல்லியிருக்கிறார். அந்தச் சாவியினால்தான் அவர் தாமாகப் போனார் என்பது தெரிந்தது. கடன் இல்லை, சண்டை இல்லை. “போறதுக்கு மொத நா, குழம்பு நல்லாருக்குன்னு சொன்னாகய்யா. அம்புட்டுத்தான்.” காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததற்கு மறுமொழி வரவில்லை.

“ஏழு வருசம் தாண்டிருச்சுன்னா செத்த கணக்குத்தானாம். கொழுந்தன் வக்கீலக் கேட்டுட்டு வந்து சொல்றாரு. ‘தெய்வத்திருன்னு போட்டு, போட்டோவுக்கு ஒரு மாலையப் போட்டுருவோம் மதினி. நானும் எம் பொண்டாட்டியும் மணவறையில நின்னு தாரை வாத்துக் குடுத்துர்றோம். மாப்ள வீட்டாளுக வாயையும் அடைச்ச மாதிரி இருக்கும்’ங்குறாரு.”

“அப்ப நீங்க?”

“நான் பந்தியப் பாத்துக்கணுமாம்.”

இதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை, ஆயினும் எழுதிவிடுகிறேன். தாரை வார்க்கும்போது பெண்ணின் கையைத் தந்தை பிடித்துக் கொடுப்பார். அதன்மேல் தாய் நீர் ஊற்றுவார். அந்த ஒரு சொல் அச்சேறினால், கழுத்தில் தாலியோடு என் முன் நின்றவர் அன்றே கைம்பெண் ஆகிவிடுவார். பெற்ற மகளின் திருமணத்தில் விளக்கையும் தொட முடியாது. நீரும் ஊற்ற முடியாது. அச்சொல்லைப் போடாவிட்டால் மணவறையில் நிற்கலாம். ஆனால் வருவோர் அனைவரும் அவர் எங்கே என்று கேட்பார்கள்.

“போட்டா ஒருநா அழுகை. போடாட்டி தெனமும் கேள்வி. எதுன்னு சொல்லுங்கய்யா.”

சித்திரையில் அச்சுக்குக் கொடுத்தால் போதும், அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்கும் களைப்பையே காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரமே செயலாளர் அடுத்த படத்தின் வரிகளைக் கொண்டுவந்தார். வீட்டை விட்டுத் தாமாகவே காணாமற்போன ஒருவரைப் பற்றிய படம் அது. அந்த நாட்டில் அப்படிப் போகிறவர்கள் உண்டாம். பெயரை மாற்றிக்கொண்டு, கூலிக்காரர் வாழும் பகுதியில் ஒற்றை அறையில் எஞ்சிய காலத்தைக் கழிப்பார்களாம். படத்தின் முடிவில் மனைவி அவரைக் கண்டுபிடித்துவிடுகிறார். மழையில் குடையோடு அவருடைய அறை வாசலில் வந்து நிற்கிறார். கதவு திறக்கிறது. மனைவி கணவரின் பெயரைச் சொல்கிறார். கதவைத் திறந்தவர் சொல்கிறார்: “அவர் இறந்துவிட்டார். அவருடைய மேற்சட்டையை நான் அணிந்திருக்கிறேன், அவ்வளவே.” கதவு மூடுகிறது. மனைவி சிறிது நேரம் நின்றுவிட்டுக் குடையை மடக்கி வாசலில் சாய்த்து வைத்து, நனைந்தபடியே போகிறார்.

அந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். வேறு படம் போடும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கலாம். அன்று மட்டும் அந்தப் பெண்மணிக்கு விடுப்புக் கொடுக்கும்படி பாயிடம் கேட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. உள்ளதை உள்ளபடி வாசிப்பவன்தானே நான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மாசி மாதக் காட்சி. தேக்சாக்களை மூடிவிட்டு அவர் வழக்கம்போல் படியருகே நின்றார். பாதிப் படத்தில் நிமிர்ந்து பார்த்தபோது, படியை விட்டு முன்னே வந்து ஒரு தேக்சாவின்மேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். கதவு திறக்கும் இடம் வந்தது. மனைவி சொல்லும் பெயரை வாசித்தேன். அடுத்த வரிக்கு வாயைத் திறந்து, தேக்சாவருகே நின்றவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் அவருக்கு என் வாயிலிருந்துதானே வருகிறது.

நோட்டின் பக்கத்தைப் புரட்டினேன். அவர் பார்வை திரைக்குத் திரும்பியது. கதவைத் திறந்தவர் முணுமுணுத்தது மழையின் ஒலியில் அமிழ்ந்துபோயிற்று. எவரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இப்படங்களில் பேச்சில்லாத இடங்கள் மிகுதி. அது அவற்றுள் ஒன்று என்று, ஆங்கில வரியைப் படிக்க இயலாதவர்கள் எண்ணியிருப்பார்கள்.

படம் முடிந்ததும் எல்லோரும் கீழே இறங்கித் தேநீர் குடித்தார்கள். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி நான் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தேநீர்க் கிளாஸ்களைக் கழுவி வைத்துவிட்டு, சாக்கு மடிக்க அவர் ஏறி வந்தார்.

“ஐயா, கதவத் தொறந்தவரு என்னமோ சொன்னாருல்ல? வாய் அசஞ்சுச்சே. நீங்க வாசிக்கலையே?”

“‘நீ முன்னால போ, நான் வர்றேன்’னு சொன்னாரும்மா.”

“அப்பிடியா.” ஒரு சாக்கை உதறினார். “பெறகு எதுக்குய்யா கதவச் சாத்துனாரு?”

“சாமானை எடுத்து வைக்க.”

அவர் சாக்குகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகப் பிறர் சொல்லில் ஓர் எழுத்தையும் மாற்றாதவன், இல்லாத ஒரு வரியை இட்டுக்கட்டி, அதற்கு உரையும் சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றிப் படியிறங்கினேன்.

பங்குனிக் காட்சியன்று அவர் என்னிடம் வந்தார். “எழுதிருங்கய்யா. பேருக்கு முன்னாடி ஒண்ணும் வேணாம்.”

எழுதிக் கொடுத்தேன். நான் எழுதிய அழைப்பிதழ்களில் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது வேறொன்றில்லை. கொழுந்தனை எதிர்த்துக்கொண்டு, ஊர் வாயில் விழுந்து, அந்த அம்மாள் மணவறையில் நிற்கப் போகிறார். அதுவும் நான் இட்டுக்கட்டிய ‘வர்றேன்’ என்பதைப் பிடித்துக்கொண்டு. வராதவருக்காக ஒன்பது ஆண்டுகள் நின்றவரை இன்னும் நிற்கச் சொல்லிவிட்டேன். சித்திரை பிறந்தது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள், அந்த நோட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு பரவைக்குப் பேருந்து ஏறினேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால், வெங்காயச் சருகு பறக்கும் ஒரு சந்தினைத் தாண்டி அவர் வீடு. திருமணத்துக்காகச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார், கையெல்லாம் சுண்ணாம்பு. தாழ்வாரத்தில் ஒரு சைக்கிள், காற்றிறங்கிய சக்கரங்களோடு, சாக்குப் போர்த்தி நின்றது. அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். பிறகு சொன்னேன்: அன்று நான் சொன்னது பொய், படத்தில் அந்த ஆள் அப்படிச் சொல்லவில்லை.

“தெரியும்ய்யா,” என்றார்.

“எப்படி?”

“அன்னைக்கே தெரியும். கீழ டீ குடிக்கையில செயலாளர் சாரு பாய்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தாக. ‘அவன் செத்துட்டான்னு தன்னையவே சொல்லிக் கதவச் சாத்துறான் பாருங்க, என்ன படம்யா’ன்னு. நான் பக்கத்துலதான் கிளாஸ் கழுவிக்கிட்டு நின்னேன்.”

“பிறகு ஏம்மா மேலே வந்து என்கிட்ட கேட்டீங்க?”

“நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன். ஒரு வரி விடாம வாசிக்கிற ஆளாச்சே.”

அவர் வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்புச் சட்டியில் தோய்த்து, சுவரில் விட்ட இடத்திலிருந்து இழுக்கத் தொடங்கினார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

“அதக் கேட்டபெறகுதான்ய்யா எனக்கு ஒரு முடிவே வந்துச்சு. செத்துட்டேன்னு வாயத் தொறந்து சொல்ல ஆளு உசுரோட இருக்கணும்ல? எங்க வீட்டுக்காரரும் எங்கிட்டோ ஒரு கதவுக்குப் பின்னாடி நின்னு சொல்லிக்கிட்டுத் திரியட்டும். அதுக்கு நான் எதுக்கு இங்க மாலை போடணும்? போனது அவுக சோலி. எம் மகளுக்குத் தண்ணி ஊத்துறது என் சோலி.”

“யாராவது அவர் எங்கேன்னு கேட்டா?”

“கேக்கட்டும். ஒம்போது வருசமா கேக்காமலா இருக்காக?” மட்டையைச் சட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினார். “நீங்க சொன்னத நம்பியிருந்தாத்தான்ய்யா பாடு. வாரேன்னுல்ல சொன்னீக. வாரேன்னு ஒருத்தரு சொல்லிட்டா, கல்யாணத்தன்னைக்கு மணவறையில நின்னுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கணும். எம் மக மொகத்தப் பாக்க முடியாது.”

இரக்கம் என்று நினைத்து நான் செய்தது இது. திரும்பும் பேருந்தில் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வைகாசியில் திருமணம் நடந்தது. பாய் தேக்சாக்களை அனுப்பியிருந்தார். “பிரியாணி பாத்தே பழகுனதுக, சாம்பாரப் பாத்து மெரளாம இருக்கணும்,” என்று சொல்லித் தாமே வாசலில் நின்று இறக்கினார். மாப்பிள்ளை வீட்டார் கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயிகள். அவர்களுள் ஒரு பெரியவர் பந்தலிலேயே அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டார்: “சம்மந்தி எங்கம்மா, ஆளக் காணோம்?”

“வெளியூர்ல இருக்காகண்ணே. வரல.”

“வெளியூருன்னா, துபாய்லயா?”

“அதுக்கும் அங்கிட்டு,” என்றார் அவர். பெரியவர் தலையாட்டிக்கொண்டு காப்பி குடிக்கப் போனார்.

தாரை வார்க்கும் நேரத்தில் பெண்ணின் கையை அந்த அம்மாளின் அண்ணன் பிடித்துக் கொடுத்தார். செம்பிலிருந்து நீரை ஊற்றியவர் பெண்ணின் தாய்தான். வாசலை அவர் பார்க்கவே இல்லை. கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை சாம்பார் கேட்டவரிடம், “ஒரு ஆளுக்கு எம்புட்டுத்தான்யா ஊத்துறது?” என்று சிடுசிடுத்தார்.

ஆனி மாதக் காட்சிக்கு நான் முன்னதாகவே போய்விட்டேன். திருமண வீடுகளிலிருந்து திரும்பிய தேக்சாக்கள் அடி கருகி, வாய் திறந்து, வரிசையாக நின்றன. அவர் கையில் சாக்குக் கட்டோடு வந்தார். மாடியில் எங்களைத் தவிர யாருமில்லை.

“ஐயா, அந்த வரிய ஒருக்கா வாசிங்களேன். நீங்க எழுதுன மாதிரியே.”

மாசி மாத நோட்டு என் பையிலேயே கிடந்தது. எடுத்துப் பக்கத்தைத் தேடி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தேன்: “அவர் இறந்துவிட்டார். அவருடைய மேற்சட்டையை நான் அணிந்திருக்கிறேன், அவ்வளவே.”

மூடாத பாத்திரங்கள் அத்தனையும் அதை வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி ஓய்ந்தன. அவர் சாக்குக் கட்டை இடுப்பில் இடுக்கியபடி, கடைசி முழக்கம் அடங்கும்வரை நின்றார்.

“இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான்.”

அவர் முதல் தேக்சாவிலிருந்து மூடத் தொடங்கினார். கீழே செயலாளரின் குரல் கேட்டது. அன்றைய படத்துக்கான புது நோட்டில் நாற்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. முழங்காலை நீவிவிட்டு, விளக்கை எரியவிட்டுப் பார்த்து, முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.